பாடுகிறவன் யார் பக்கம்?



நெருக்கடிக் காலத்தில் ராக் குழுக்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தைப் பார்ப்போம்.

1976-இல் வேலையில்லாத் திண்டாட்டமும் விலைவாசியும் அங்கே மக்களை வாட்டின. பழி யார் தலையில் விழுந்தது? பிழைக்க வந்தவர்கள் தலையில்! பெரும் புகழ்பெற்ற ராக் கலைஞர் எரிக் கிளாப்டனே, குடியேறியவர்களுக்கு எதிராகப் பர்மிங்காம் மேடையில் பேசினார். அதைக் கண்டித்து எழுந்ததுதான் 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம்.

1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பல்லாயிரம் பேர் ஊர்வலமாகக் கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவுக்கு வந்தார்கள். லண்டனின் வெள்ளை இளைஞர்களான 'கிளாஷ்' குழுவினரும், அதே பர்மிங்காமின் கறுப்பு இளைஞர்களான 'ஸ்டீல் பல்ஸ்' குழுவினரும் ஒரே மேடையில் பாடினார்கள்.

பாட்டு கத்தியைத் தடுத்ததா? இல்லை. நான்கே நாளில், மே 4 அன்று, கிழக்கு லண்டனில் வங்காளித் தையல் தொழிலாளி அல்தாப் அலி குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த பத்தே நாளில் ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள்.

தெருவில் காவல் நிற்க ஒன்றுபட்ட மக்கள்தான் வேண்டும். ஆனால், அஞ்சி ஒடுங்கியவனிடம் 'உன்னோடு நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லப் பாட்டால் முடியும். அப்படிச் சொன்ன குழுவை மக்கள் மறப்பதில்லை.

பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இது புரியாததா? நம் பிள்ளைகள் எந்த இசையையும் கேட்கட்டும். பாடுகிறவன் யார் பக்கம் நிற்கிறான் என்றும் கேட்கட்டும்!