‘கொள்’ இருக்கக் கவலை ஏன்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வேலைக்காக ஸ்பானிஷ் கற்று, இன்று அதைப் பிறருக்குச் சொல்லித்தரும் பழைய மாணவன் நான். சற்றுமுன் ஒரு தம்பி கேட்டார்: “சார், எனக்கு இங்கிலீஷே தகராறு. ஸ்பானிஷ் எங்கே வரப்போகுது?” அவருக்குத்தான் இந்தப் பதில். ஒரே ஒரு வினைச்சொல் போதும். கோடை வந்தால் ஒகேனக்கல்லில் நாம் செய்வது: குளியல்.

ஸ்பானிஷில் ‘பஞார்’ என்றால் குளிப்பாட்டு. ‘பஞார்ஸே’ என்றால் குளி. முதல் எழுத்தை ‘பஸ்’ என்பதுபோல் ஒலியுங்கள். அடுத்தது நம் ஞாயிற்றின் ‘ஞ’. ஆங்கிலத்தில் அதற்குத் தனி எழுத்தே கிடையாது. கடைசியில் ஒட்டிய ‘ஸே’, செயல் செய்தவரையே வந்து சேர்கிறது என்று காட்டும்.

இது நமக்குப் புதிதா? அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருபவர், “தேய்ச்சு விடட்டுங்களா?” என்பார். “வேண்டாங்க, நானே தேய்ச்சுக்கறேன்” என்போம். பிறருக்குச் செய்தால் ‘விடு’. தனக்கே செய்தால் ‘கொள்’. நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசுவோர் ‘கொனு’ என்றும், கன்னடம் பேசுவோர் ‘கொள்ளு’ என்றும் இதையே சொல்கிறார்கள். இலக்கணப் புத்தகம் பார்த்தா கற்றார்கள்?

ஒரு வேறுபாடு உண்டு. நம் ‘கொள்’ யாருக்கும் பொது; விகுதி மட்டும் மாறும். ஸ்பானிஷில் அந்தச் சிறுசொல்லும் ஆளுக்கு ஏற்ப மாறி, வினைக்கு முன்னே வந்து நிற்கும்:

மே பஞோ – நான் குளிக்கிறேன்
தே பஞாஸ் – நீ குளிக்கிறாய்
ஸே பஞா – அவன், அவள் குளிக்கிறாள்(ன்)
நோஸ் பஞாமோஸ் – நாம் குளிக்கிறோம்
ஸே பஞான் – அவர்கள் குளிக்கிறார்கள்

‘மே’யை விட்டுவிட்டு வெறும் ‘பஞோ’ என்றால், “யாரைக் குளிப்பாட்டுகிறாய்?” என்று எதிரில் இருப்பவர் விழிப்பார். தமிழில் ‘குளி’க்குக் ‘கொள்’ தேவையில்லை. அங்கே ‘ஸே’ கட்டாயம் வேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

குளித்தபின் சாப்பிட உட்காருகிறோம். ‘மே லாவோ லாஸ் மானோஸ்’, அதாவது கை கழுவிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ‘மை ஹேண்ட்ஸ்’ என்று ‘என்’ போட்டாக வேண்டும். நாம் போடுவதில்லை, ஸ்பானிஷ்காரரும் போடுவதில்லை. ‘மே’ இருக்கும்போது கை யாருடையது என்ற கேள்வியே எழாது. இந்த இடத்தில் ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி. தமிழ் வழியாகப் போனால் நேர்வழி.

தம்பி தங்கைகளே, ஏறத்தாழ 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி. புதுதில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் அதைப் பாடமாகவே படிக்கலாம். ஆங்கிலமும் வேண்டும், படியுங்கள். ஆனால் அது சரளமாக வரும்வரை மற்ற மொழிகளின் கதவு மூடியிருக்கும் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். தமிழ்வழியில் படித்தது குறையல்ல, கைமுதல்.

இன்று இரவே ஒரு நோட்டில் நாளெல்லாம் செய்வதை எழுதுங்கள்: எழுவது, குளிப்பது, துவட்டிக்கொள்வது, தலை சீவிக்கொள்வது, படுப்பது. ஸ்பானிஷில் இவை அத்தனைக்கும் ‘ஸே’ உண்டு. தினம் ஒன்றாகப் படித்தால் ஒரு வாரத்திற்குள் ஐந்தும் உங்கள் வாயில் வரும்.