கல்லூரிப் பாடமும் தொடக்கநூலும்



கல்லூரிகள் திறந்து சில வாரங்கள் ஆகின்றன. நம் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், விலங்கியல் என்று படிக்கப் போயிருக்கிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த பெற்றோரையும் நமக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இன்று சொல்ல வேண்டும். நமக்குப் பெருமை தரும் கதை அல்ல அது. பங்கின் பாடகர் குழுவில் இருந்த ஒரு மாணவி, விலங்கியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தார். பரிணாமப் பாடம் நடந்த வாரத்தில் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். கடவுள் மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கினார் என்று மறைக்கல்வியில் படித்தோமே, பேராசிரியர் வேறு மாதிரி சொல்கிறாரே, எது உண்மை? "பரீட்சைக்கு மட்டும் படி, மனசுல ஏத்திக்காதே" என்றார் அம்மா. அன்பியத்தில், "இப்படியெல்லாம் கேட்டா விசுவாசம் போயிடும்" என்றார்கள். கடைசியில் பங்குத்தந்தையைத் தேடி நம்மிடம் வந்தார். திருவிழா வேலைகள் மும்முரமாக இருந்த நேரம். "செபமாலை சொல்லும்மா, குழப்பம் தீரும்" என்று அனுப்பி வைத்தோம். செபமாலை நல்லதுதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல. நான்கைந்து ஞாயிறு கழித்து, பாடகர் குழுவில் அவர் நிற்கும் இடம் காலியாகவே இருந்ததைப் பார்த்தபோதுதான் நமக்கு உறைத்தது.

அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறோம்.

தொடக்கநூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் செடிகொடி, மீன், பறவை, விலங்கு எல்லாம் வந்தபின் கடைசியில்தான் மனிதர். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகே தோட்டமும் விலங்குகளும். ஒளி முதல் நாளே வந்துவிடுகிறது. கதிரவனோ நான்காம் நாள்தான். இவற்றை அடுத்தடுத்து வைத்துத் தொகுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலா இருந்திருக்கும்? எது முந்தி, எது பிந்தி என்று குறிப்பெழுதுவது அவர்களுடைய நோக்கமே அல்ல. கதிரவனையும் நிலாவையும் தெய்வமாக வணங்கிய மக்களின் நடுவே, அவை கடவுள் ஏற்றிவைத்த விளக்குகள்தாம் என்று அறிக்கையிட்டார்கள். இதையெல்லாம் குருமடத்து இறையியல் வகுப்பிலேயே படித்தோம். மக்கள் குழம்பிவிடுவார்களோ என்று வாசகமேடையிலிருந்து சொல்லத்தான் தயங்கினோம்.

திருஅவை இதில் எப்போதும் நேராக நடந்தது என்றும் சொல்ல முடியாது. கலிலேயோவைக் கண்டித்தது 1633இல். அது தவறு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 1992இல். இடையில் 359 ஆண்டுகள்! அதே திருத்தந்தை 1996இல், பரிணாமக் கொள்கை வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று எழுதினார். மனித ஆன்மா நேரடியாகக் கடவுளிடமிருந்தே வருகிறது என்பதைத் திருஅவை விட்டுக்கொடுக்கவில்லை. உடல் எந்த வழியாக வந்தது என்பதை ஆராய்ச்சிக்கு விட்டிருக்கிறது.

பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை ஜார்ஜ் லெமெத்ர் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1923இல் குருவானவர். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் கணக்கிட்டு எழுதினார். தொடக்கத்தில் எல்லாம் ஒரே அணுவாக இருந்திருக்கலாம் என்று 1931இல் சொன்னார். இன்று பெருவெடிப்பு என்று வகுப்பில் படிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்த ஆராய்ச்சிகளைப் படைப்புக்குச் சான்றுபோலக் காட்டிப் பேசினார். லெமெத்ர் மகிழ்ந்திருக்க வேண்டும், சங்கடப்பட்டார். அறிவியல் கொள்கை நாளை மாறலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் கருத்து. 'விஞ்ஞானமே பைபிளை நிரூபித்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நம் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருச்சி புனித வளனார் கல்லூரியில் இரபினாட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. இயேசு சபை அருட்தந்தை கே. எம். மேத்யூ தமிழகத்துச் செடிகொடிகளைத் தேடிச் சேகரித்து, வகைப்படுத்தி, பெரிய தொகுதிகளாக எழுதியது அங்கிருந்துதான். முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் பிறகு போனோம். "சாமி, புள்ள கேட்டது தப்பா?" என்று பாட்டி வாசலிலேயே கேட்டார். தப்பு நம்முடையது என்றோம். மேலே சொன்னதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபாதர், ஒரு குளவி இருக்கு. உயிரோட இருக்கிற புழுவுக்குள்ள முட்டை போடும். பொரிச்சு வர்ற குஞ்சு அந்தப் புழுவை உள்ளேயிருந்தே தின்னு வளரும். கடவுள் இதையும் நல்லதுன்னுதான் கண்டாரா?" என்றார்.

டார்வினையே உறுத்திய கேள்வி அது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்ற புனித பவுலின் சிந்தனை நினைவுக்கு வந்தது, சொன்னோம். அவருக்கு அது போதவில்லை. உண்மையில் நமக்கும் போதவில்லை. "தெரியலம்மா" என்றோம். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது முதுகலை படிக்கிறார். விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஞாயிறுகளில் பாடகர் குழுவில் நிற்கிறார். திருப்பலி முடிந்ததும் அந்தக் குளவியைப் பற்றி இன்னும் கேட்கிறார்.