எதை முதலில் கொடுப்பது?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



கணக்கு டீச்சர் வீடியோ கேம் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், காலாண்டு விடுமுறை முழுவதும் மாமா வாங்கித் தந்த ஸ்விட்ச் கருவியும் கையுமாகவே இருந்தான். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். “நீங்களும் ஒரு தடவை விளையாடிப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்கம்மா” என்றான். அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

அவன் விளையாடியது காசில்வேனியா. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986 முதல் வெளியிட்டுவரும் வரிசை. டிராகுலாவின் கோட்டை, பேய்கள், எலும்புக்கூடுகள், சவுக்கோடு நுழையும் வீரன் என்று போகும் கதை. ரத்தமும் பயமும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக இந்த வரிசையில் மூன்று விளையாட்டுகள் வந்தன. 2021இல் அவற்றை ஒரே தொகுப்பாக மறுபடியும் வெளியிட்டார்கள். மூன்றில் எதை முதலில் ஆடுவது?

நாம் ஆசிரியர்கள் அல்லவா? வரிசை எண் பார்த்தேன். 2001இல் வந்த ‘சர்க்கிள் ஆஃப் த மூன்’தான் முதல் பாடம் என்று முடிவு செய்தேன்.

அதன் நாயகன் நேதன் கிரேவ்ஸ். கையில் சவுக்குதான். இருபது மந்திரச் சீட்டுகள் உண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் நூறு விதமான ஆற்றல்கள் கிடைக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சீட்டு கிடைப்பது அதிர்ஷ்டம். எதிரியை வீழ்த்தும்போது எப்போதாவது விழும். மருந்து வாங்கக் கடையும் கிடையாது. மூன்று தலை நாய் செர்பெரஸிடம் நான்கு நாள் தோற்றேன். தவறிய இடத்துக்குச் சில நொடிகள் பின்னால் போகும் வசதி இந்தத் தொகுப்பில் உண்டு. அதையும் பயன்படுத்தினேன். பின்னால் போய் அதே தவற்றையே மறுபடி செய்தேன். ஐந்தாம் நாள் கருவியை எடுக்கவே மனம் வரவில்லை. “தலைவலிக்குது” என்று மகனிடம் பொய் சொன்னேன்.

சொன்ன உடனே எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் பாடவேளையில் தலைவலி என்று சொல்லும் ஒரு மாணவன் என் ஆறாம் வகுப்பில் இருக்கிறான்.

“அம்மா, அத ஏன் மொதல்ல எடுத்தீங்க? ஆரியாவுல ஆரம்பிங்க” என்றான் மகன்.

2003இல் வந்த ‘ஆரியா ஆஃப் சாரோ’ மூன்றாவது விளையாட்டு. கதை நடப்பது 2035இல். நாயகன் சோமா குரூஸ், வீழ்த்தும் எதிரியின் ஆன்மாவைத் தன் ஆற்றலாக்கிக்கொள்வான். இதுவும் அதிர்ஷ்டம்தான். ஆனால் ஆன்மாக்களின் வகைகள் நூறுக்கு மேல். எனவே தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு கையில் சேர்ந்துவிடும். வாள், ஈட்டி, கோடாரி என்று நமக்குக் கைவந்ததை எடுத்துக்கொள்ளலாம். கடையும் உண்டு. எதிரிகள் படிப்படியாகவே கடினமாகிறார்கள். இரண்டு வாரத்தில் கோட்டையில் பாதியைக் கடந்தேன்.

நடுவில் 2002இல் வந்தது ‘ஹார்மனி ஆஃப் டிஸ்ஸொனன்ஸ்’. நாயகன் ஜஸ்ட் பெல்மாண்ட். முதல் விளையாட்டின் காட்சிகள் அன்றைய விளக்கில்லாத திரையில் இருட்டாகத் தெரிந்ததால், இதில் வண்ணங்களைப் பளிச்சென்று அமைத்தார்கள். சண்டை எளிது. வழிதான் குழப்பம். ஒன்றுபோலவே இரண்டு கோட்டைகள், அவற்றுக்கிடையே மாறி மாறிப் போகவேண்டும். பொறுமை பழகியவர்களுக்கு நல்லது.

ஆக என் வரிசை: ஆரியா, ஹார்மனி, கடைசியில் சர்க்கிள். வசதியானதை முதலில் ஆடிவிட்டால் பழையது சலிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் சலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆரியாவை முடித்தபின் செர்பெரஸிடம் திரும்பினேன். நாய் அதே நாய்தான். பாயும் முன் அது எப்படி நிற்கிறது என்று கவனிக்க மட்டும் இப்போது பழகியிருந்தேன். மூன்றாவது முயற்சியில் வென்றேன். முதலில் எடுத்தது என்னை ஓடவிடாமல் வைத்திருந்ததால்தான் இரண்டாவது, மூன்றாவதுக்கு வந்து சேர்ந்தேன்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனிடம் போனேன். வேற்றின பின்னக் கூட்டலை அவனுக்கு ஐந்து முறை ‘மறுபடி’ நடத்தியிருந்தேன். நான் பின்னால் போய்ப் போய் அதே தவற்றைச் செய்ததுபோலத்தான் அதுவும். இந்த முறை கூட்டலை விட்டுவிட்டேன். ஒரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். அரை பெரிதா, கால் பெரிதா? ஓர் அரைக்குள் எத்தனை கால்? நான்கு நாள் அது மட்டும்தான். ஐந்தாம் நாள் அரையையும் காலையும் கூட்டச் சொன்னேன். மடித்துப் பார்த்து முக்கால் என்றான்.

அடுத்த வாரத் தேர்வில் ஐந்து கணக்குகளில் இரண்டு சரி. மற்ற மூன்றும் தவறு. ஆனால் ஐந்தையும் போட்டுப் பார்த்திருந்தான். அதற்குமுன் அவன் வெற்றுத்தாள்தான் கொடுப்பான்.

பாடநூலின் வரிசையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாற்பது பேருக்கும் நாற்பது வரிசை நம்மால் முடியாது என்பதும் தெரியும். உங்கள் வகுப்பில் ‘தலைவலி’ என்று சொல்லும் ஒரு பிள்ளைக்கு மட்டும், நாளை எதை முதலில் கொடுக்கலாம் என்று இன்றிரவு யோசித்துப் பாருங்கள்.

பீரோ சாவி இப்போது மகனிடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம். அதில் அரை மணி என்னுடையது.