ஜெனரேட்டர் வாங்கியாச்சா? எங்க வைக்கப் போறீங்க?

ஐப்பசி மழைக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கும், ஏற்கனவே வாங்கி ஒரு மூலையில வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இன்னிக்குப் பேசுறேன்.

நம்ம பக்கத்துல இந்த எண்ணம் எப்ப வலுத்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சப்ப கரண்ட் கம்பமும் கூடவே சாஞ்சுது. ஒரு லட்சத்துக்கு மேல கம்பம் போச்சு. உள்ளடங்கின ஊர்கள்ல வாரக்கணக்கா இருட்டு. போர்வெல் இருந்தும் மோட்டார் ஓடாம குடிக்கத் தண்ணி இல்லை. வண்டியில ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு வந்து, தெருத்தெருவா மோட்டாரை ஓட்டி டேங்க் ரொப்பிக் கொடுத்தாங்க. அந்த நாட்களைப் பார்த்த குடும்பம், கையில நாலு காசு வந்ததும் சொந்தமா ஒன்னு வாங்கத்தான் நினைக்கும். வாங்குங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. எங்க வைக்கிறோம், எப்படி இணைக்கிறோம், இதுலதான் உயிரே இருக்கு.

டீசல் இன்ஜின் நமக்குப் புதுசு இல்லை. ஆத்துல தண்ணி வராத வருஷமெல்லாம் ஆயில் இன்ஜின் போட்டு இறைச்ச ஊரு இது. ஆனா அந்தப் பழக்கத்துலயே ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. வயல்ல இன்ஜினைச் சுத்தி நாலு பக்கமும் வெட்டவெளி. புகை எங்க போகுதுன்னு யாரும் யோசிக்க வேண்டிய அவசியமே வரலை. அதே மாதிரி இன்ஜினைச் சுவருக்குள்ள கொண்டுவந்து ஓட்டினா கணக்கே மாறிடும். தண்ணி மட்டம் இறங்கிப்போச்சுன்னு இன்ஜினைக் கிணத்துக்குள்ள, குழிக்குள்ள இறக்கி ஓட்டி, பார்க்கப் போனவர் உள்ளேயே சுருண்டு விழுந்த கதையைப் பெரியவங்க கிட்டக் கேட்டுப் பாருங்க. அப்படி விழுந்தவங்களைக் கொன்னது கரும்புகை இல்லை. கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, தொண்டை கமறாது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். பிடிச்சா லேசுல விடாது.

டீசல் இன்ஜின் இந்த வாயுவைப் பெட்ரோல் இன்ஜினைவிடக் கம்மியாத்தான் விடும், அது உண்மை. ஆனா பூட்டின இடத்துல ராத்திரி முழுக்க ஓடினா அந்தக் கம்மியே போதும். கையில தூக்கிட்டுப் போற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்க இன்னும் பல மடங்கு உஷாரா இருக்கணும். மழையில நனையக் கூடாதேன்னு அதைத்தான் முதல்ல உள்ள எடுத்துட்டு வர்றாங்க.

அப்ப எங்க வைக்கிறது? நம்ம பழைய ஓட்டு வீடுகளை எடுத்துக்குங்க. முற்றத்துக்கு மேல வானம் தெரியுது, அது வெளி மாதிரிதானேன்னு கேக்குறாங்க. இல்லைங்க. முற்றத்தைச் சுத்தி தாழ்வாரம், தாழ்வாரத்தைச் சுத்தி அறைகள். வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் காத்து உள்ளே ஓடுறதுக்காகவே கட்டின வீடு அது. முற்றத்துல விட்ட புகை மேல போறதுக்கு முன்னாடி தாழ்வாரத்துல சுழன்று, படுத்திருக்கிறவங்க தலைமாட்டுக்குத்தான் வரும். திண்ணையும் கூடாது. மாடிப்படிக்குக் கீழ இருக்கிற மறைவும் கூடாது. கார் நிறுத்துற ஷெட் ஒரு பக்கம் திறந்திருந்தாலும், மறுபக்கம் வீட்டுக் கதவு இருந்தா அதுவும் கூடாது. ஜன்னல், கதவு, வென்டிலேட்டர், எதுல இருந்து பார்த்தாலும் 20 அடிக்கு மேல தள்ளி வைங்க. அமெரிக்காவுல இருக்கிற நோய்த் தடுப்பு மையம் அவங்க மக்களுக்குச் சொல்ற அளவு அது. 2020ல லாரா புயல் லூசியானாவை அடிச்சப்ப, அங்க இறந்தவங்கள்ல நிறையப் பேரைக் கொண்டுபோனது ஜெனரேட்டர் புகைதான். புயல்ல தப்பிச்சவங்க, புயல் ஓஞ்ச பிறகு தூக்கத்துலயே போனாங்க.

அக்னி மூலையில வச்சா சரியான்னு சிலர் கேப்பாங்க. மூலை எதுவா இருந்தாலும், அந்தப் பக்கம் உங்க வீட்டு ஜன்னலோ பக்கத்து வீட்டு ஜன்னலோ இருக்கான்னு பாருங்க, அதுதான் முக்கியம். வாடைக்காத்து வடகிழக்குல இருந்துதானே அடிக்கும், தென்மேற்குப் பக்கம் வச்சா புகை அந்தாண்ட போயிடுமேன்னு கணக்குப் போடுறவங்களும் உண்டு. நல்ல கணக்குதான், சாதாரண மழைநாளுக்குச் சரி. புயல்ல சரிப்படாது. புயலோட கண்ணு கடந்ததும் காத்து எதிர்த்திசைக்குத் திரும்பும். நமக்கு ஜெனரேட்டர் தேவைப்படுறதே அதுக்கப்புறம்தான். அதனால திசையை நம்பாதீங்க, தூரத்தை நம்புங்க.

இடம் இல்லாம சுவரோரமா நிரந்தரமா வைக்க வேண்டி வந்தா, புகைக்குழாயை உயரத்துக்குக் கொண்டுபோங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கு. ஜெனரேட்டரோட கேவிஏ எவ்வளவோ, அதோட வர்க்கமூலத்தை 0.2 ஆல பெருக்குங்க. கட்டடத்துக்கு மேல அவ்வளவு மீட்டர் குழாய் போகணும். 25 கேவிஏ ஜெனரேட்டர்னா கூரைக்கு மேல ஒரு மீட்டர். குழாய் முனை மாடி ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது.

உடம்பு எப்படிச் சொல்லும்னு தெரிஞ்சுக்குங்க. முதல்ல தலைவலி, அப்புறம் தலைசுத்தல், குமட்டல், கை கால் அசதி. ரெண்டு நாளாத் தூங்காததுன்னு நினைச்சுப் படுத்துடுவோம். வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சா, நாயோ பூனையோ துவண்டு கிடந்தா, யோசிக்காதீங்க. எல்லாரும் வெளியில வாங்க, வெளியில வந்த பிறகு ஜெனரேட்டரை நிறுத்துங்க, 108க்குப் போன் போடுங்க. கொரோனா காலத்துல வாங்கின ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டிப் பார்த்துட்டு, 98 காட்டுதே, ஒன்னும் இல்லைன்னு திரும்பப் படுத்துடாதீங்க. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் இந்த விஷவாயு ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயக்கத்துல இருக்கும்போதும் நல்ல எண்ணையே காட்டும்.

அடுத்தது கரண்ட். புகை நம்ம வீட்டு ஆளைக் கொல்லும். தப்பா இணைச்ச கரண்ட், நமக்கு உதவி செய்ய வந்த யாரோ ஒருத்தரைக் கொல்லும். இதைச் சொல்லும்போது என்னால சாதாரணமாச் சொல்ல முடியலை.

ரெண்டு முனையிலயும் பின் வச்ச ஒரு வயரை எடுத்து, ஒரு பக்கம் ஜெனரேட்டர்ல, மறுபக்கம் வீட்டு பிளக் பாயின்ட்ல சொருகிடுறாங்க. வீடு பூரா லைட் எரியுது, சந்தோஷம். மெயினை இறக்க மறந்தாச்சுன்னா அதே கரண்ட் மீட்டர் வழியா வெளியேறி, கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைச்சு நமக்குத் தர்ற பெட்டி. பின்பக்கமா கரண்ட் வந்தா அதே பெட்டி ஏத்தி அனுப்பும், ஆயிரக்கணக்கான வோல்ட்டா. ஊரே சேர்ந்து இழுத்தா என் சின்ன ஜெனரேட்டர் உடனே நின்னுடாதான்னு கேக்கலாம். பக்கத்துலயே லைன் அறுந்து கிடந்தா இழுக்க யாரும் இல்லை, நிக்காது. கஜா சமயத்துல மத்த மாவட்டங்கள்ல இருந்தெல்லாம் ஆயிரக்கணக்குல மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, சேத்துல நின்னு நமக்குக் கம்பம் நட்டாங்க. அவங்க கையில பிடிச்சிருக்கிற கம்பிக்கு நம்ம வீட்டுல இருந்து கரண்ட் போகவே கூடாது.

அதுக்கு ஒரே வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே முடியாதபடி அதோட கட்டமைப்பே இருக்கும். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு ரெண்டு போல், மூணு பேஸுக்கு நாலு போல் சுவிட்ச் கேட்டு வாங்குங்க. பேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரலைப் பொதுவா விட்டுடலாம், காசு மிச்சம்னு ஒருத்தர் சொன்னா கேக்காதீங்க. நியூட்ரலும் சேர்ந்து பிரியணும். வேலை செய்றவர் கிட்ட வயர்மேன் உரிமம் இருக்கான்னு கேளுங்க, அதுல கூச்சப்பட ஒன்னும் இல்லை. பெரிய ஜெனரேட்டர்னா மின் ஆய்வுத் துறையோட ஒப்புதல் வேண்டியிருக்கும், வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க. ஜெனரேட்டர் உடம்புக்கு எர்த் ஒன்னு போதாது, தனித்தனியா ரெண்டு கொடுக்கணும்.

நெருப்புக்கு வர்றேன். டீசல் பத்தாது, தீக்குச்சியைப் போட்டாலும் அணைஞ்சுடும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல இருக்கு. நம்ம நாட்டு டீசலுக்குத் தர விதி கேக்குற குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரி. அந்தச் சூட்டுக்கு மேல அதோட ஆவி பொறி பட்டாலே பிடிக்கும். சித்திரை வெயில்ல தஞ்சாவூர் அதைத் தாண்டிப் போகுதா இல்லையா? பாரம் இழுக்கும்போது புகைக்குழாய்ச் சூடு 400 டிகிரியைத் தொடும். பக்கத்துல வைக்கோல் போர், தென்னங்கீத்து, காயப் போட்ட சாக்கு எதுவும் இருக்கக் கூடாது. மழைக்கு மறைப்பு வேணும்னா தகரமோ சிமென்ட் ஷீட்டோ போடுங்க, கீத்துக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்னிக்குக் கும்பகோணத்துல 94 குழந்தைங்களை நாம இழந்தோம். சமையல் கொட்டகையில பிடிச்ச தீ கீத்துக் கூரை வழியாத்தான் வகுப்பறைக்கு வந்துச்சு. இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடிக்கிட்டு இருக்கும்போது டீசல் ஊத்தாதீங்க. நிறுத்தி, சூடு ஆறின பிறகு, டார்ச் வெளிச்சத்துல ஊத்துங்க. கேனை வீட்டுக்குள்ளயோ அடுப்பங்கரை ஓரத்துலயோ வைக்காம, தனியா நிழல்ல, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க. சட்டப்படி 2,500 லிட்டர் டீசல் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம், பெட்ரோல்னா 30 லிட்டர்தான். ஆனா ஒரு வீட்டுக்கு ரெண்டு கேன் தாராளம். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்னை ஜெனரேட்டர்ல இருந்து நல்லாத் தள்ளி மாட்டுங்க. மேலேயே மாட்டினா தீப்பிடிக்கும்போது எடுக்க முடியாது.

ஜெனரேட்டரை வைக்கிற மேடை பத்திக் கொஞ்சம். நம்ம மண்ணு களிமண், கோடையில வெடிக்கும், மழையில ஊதும். மேல்மண்ணை எடுத்துட்டு மணல் கொட்டி இடிச்சு, அதுக்கு மேல கான்கிரீட் போடுங்க. உங்க தெருவுல இதுவரைக்கும் எவ்வளவு உயரம் தண்ணி நின்னுருக்குன்னு பெரியவங்களைக் கேட்டு, அதுக்கு மேல ஒரு அடி ஏத்திக் கட்டுங்க.

ஜெனரேட்டரோட அளவு விஷயத்துல ஏமாறாதீங்க. 1 எச்.பி. மோட்டார் 746 வாட்தான். ஆனா கிளம்பும்போது அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால அதுக்கே 3 கேவிஏ பக்கம் வேணும். அதுக்காக ரொம்பப் பெருசாவும் வாங்காதீங்க. கொள்ளளவுல மூணுல ஒரு பங்குகூடப் பாரம் இல்லாமலே டீசல் இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்தா கரி சேர்ந்து கெட்டுப்போகும். மாசம் ஒரு தடவை கால்மணி நேரம் மோட்டாரைப் போட்டு ஓட்டிப் பாருங்க, எலி வயரைக் கடிச்சிருக்கான்னும் பாருங்க.

சொந்தமா வாங்காதவங்களும் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அடுத்த புயலுக்கும் வண்டியில ஜெனரேட்டர் வரும், கொண்டுவர்றவரும் அவசரத்துலதான் வருவார். வந்ததும் முதல்ல நீங்களே மெயினை இறக்கி, ஃப்யூஸ் கேரியரை உருவிக் கையில வச்சுக்குங்க. வீட்டு வயரிங்ல சொருக விடாதீங்க. வீட்டு வயரிங்ல இருந்து ஸ்டார்ட்டருக்கு வர்ற வயரைக் கழட்டி, அந்த இடத்துல நேரா ஜெனரேட்டர்ல இருந்தே கொடுக்கச் சொல்லுங்க. வண்டி வாசல்ல நின்னா, அந்தப் பக்கத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்திட்டு, எல்லாரையும் கொல்லைப்பக்கம் இருக்கச் சொல்லுங்க. டேங்க் ரொம்பினதும் ஜெனரேட்டரை நிறுத்தி, அவரோட வயரைக் கழட்டி, ஸ்டார்ட்டர்ல கழட்டின வயரைப் பழையபடி மாட்டுங்க. கேரியரைத் திரும்பப் போடுறது அதுக்கப்புறம்தான்.