வானில் ஒரு கண்

வேவு பார்க்கும் இலகு ஹெலிகொப்டருக்காக அமெரிக்கத் தரைப்படை நடத்திய போட்டியில், 1965இல் பெல் நிறுவனம் தோற்றது. தோற்ற பொறியே திருத்தியமைக்கப்பெற்று, 1966இல் 'பெல் 206' எனப் பறந்தது. இலங்கை விமானப் படைக்கும் வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடக்க, அரசாங்கம் அதனை ஏவிற்று. கேகாலையும் அக்கிளர்ச்சியின் களமன்றோ?

கிளர்ச்சிக்காரரைத் தேட வானேறிய கண், மலைச்சரிவில் ஒடுங்கிக் கிடக்கும் லயங்களைத் தேடிற்றா? 2016 மே மாதப் பெருமழையில், புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்து லயத்தின்மேல் மண்மலை சரிந்தது. உழைத்த குடும்பங்கள் உயிரோடு புதைந்தன.

பிணந்தேட வரும் ஹெலிகொப்டரையா நாம் கேட்கிறோம்? இல்லை! மழைக்கு முன்னரே சரிவுகளைப் பாருங்கள் என்கிறோம். பார்த்தால் மட்டும் போதாது. ஆபத்தில்லா நிலமும், அதில் சொந்த வீடும் தாருங்கள் என்கிறோம். இது பிச்சையன்று, உரிமை!