டீ.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி

(தோட்டப் பிள்ளைமடுவத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1982இல் ரூபவாஹினி ஆரம்பித்த காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பெரும்பாலான லயங்களில் கரண்ட் கிடையாது. யாராவது ஒருத்தர் வீட்டுக்கு டீ.வி. வந்தால் அதைக் கார் பெட்டரியில் போட்டு, லயமே அந்த ஒரு காம்பராவுக்குள் நெருக்கிக்கொண்டு உட்காரும். பெட்டரி இறங்கினால் படமும் முடிந்தது. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று தெரியாமலே வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

இன்று கரண்ட் இருக்கிறது. புதிதாக, யூடியூப் காட்டும் ஒரு சின்னப் பெட்டியும் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. இப்போது இறங்குவது பெட்டரி அல்ல, டேட்டா. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தோம்.

பணியக் கணக்கில் ஒரு அக்கா தீபாவளி முற்பணத்தில் இந்தப் பெட்டியை வாங்கினார். மகள் சாதாரண தரம் எழுத இருக்கிறாள், பாடம் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினார். மாதம் முழுவதற்கும் போட்ட டேட்டா ஐந்தாம் நாள் தீர்ந்துவிட்டது. “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று எங்களிடம் வந்தார். போய்ப் பார்த்தோம். பெட்டியில் குறை இல்லை. படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்து ஓடவிட்டிருந்தார்கள். ஒரு படம் முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்கும். வீட்டார் தூங்கிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது!

கணக்கைக் கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்வதன்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 1 ஜி.பி. வரை போகும். எச்.டி. தரத்தில் 3 ஜி.பி. வரை, 4கே தரத்தில் 7 ஜி.பி. வரை போகும். உங்களிடம் 30 ஜி.பி. இருக்கிறது, நாளைக்கு இரண்டு மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.யில் ஐந்து நாள். சாதாரணத் தரத்தில் பதினைந்து நாள். ஒரு நாள் பேர் போட எத்தனை கிலோ கொழுந்து எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நம் வீடுகளில் இருக்கும் 32 அங்குல டீ.வி. பலவற்றில் 4கே படம் போட்டாலும் அந்தத் துல்லியம் திரையில் தெரியவே தெரியாது. காசு மட்டும் போகும்.

ஆகவே யூடியூப் ஓடும்போது பல்சக்கரம் மாதிரி இருக்கும் அடையாளத்தை ரிமோட்டால் அழுத்தி, தரம் என்ற இடத்தில் 480 அல்லது 360 என்று வையுங்கள். அடுத்த படத்துக்குப் போனதும் பழையபடி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அமைப்புகளுக்குள் போய்த் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். இந்த இரண்டையும் செய்த பிறகு, அந்த அக்கா வீட்டில் டேட்டா மாதக் கடைசியைத் தொட்டது.

ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூடியூப்புக்கென்று விற்கும் சில பெக்கேஜ் ஃபோனில் மட்டும் வேலை செய்யும். ஹொட்ஸ்பொட் வழியாகப் பெட்டிக்குப் போனால் மற்ற டேட்டாவைத் தின்னும். வாங்கும் முன்பே கேளுங்கள். தகரக் கூரையின் கீழ் சிக்னல் குறையும் என்பதால் ஃபோனை ஜன்னல் ஓரமாக வையுங்கள்.

டேட்டா இல்லாமலும் இந்தப் பெட்டி வேலை செய்யும். இது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான பெட்டிகளின் பின்னால் பென்டிரைவ் செருகும் இடம் உண்டு. வீ.எல்.சி. என்ற இலவச செயலியை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும். ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாட வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றி, எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஏற்றினால் பத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம். அந்தக் காலத்தில் படம் பார்க்கக் கூடிய லயம், பாடம் பார்க்கக் கூடாதா?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “எல்லா சேனலும் ஆயுசுக்கும் இலவசம்” என்று மலிவாக விற்கும் பெட்டியைத் தொடாதீர்கள். இப்படிப்பட்ட பெட்டிகளில் திருட்டு மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது என்று 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இதில் சிக்கியிருப்பதாக அது சொன்னது. நம் வீட்டு இணைப்பை வேறு யாரோ களவு வேலைக்குப் பாவிப்பார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. பாதுகாப்பை நிறுத்தச் சொல்லும் பெட்டி, கூகுள் பிளே இல்லாமல் வேறு எங்கிருந்தோ செயலி இறக்கச் சொல்லும் பெட்டி, இரண்டுமே வேண்டாம். அதே ஃபோனில் வங்கிக் கணக்கும் வைத்திருக்கிறோம், மறக்க வேண்டாம்.

பழைய தடித்த டீ.வி. வைத்திருப்பவர்கள், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் வசதி பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் இடையில் மாற்றுக் கருவி ஒன்று தனியாக வாங்க வேண்டி வரும். பெட்டி அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்தால், டீ.வி.யின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து கரண்ட் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அது போதாது. கூட வந்த சார்ஜரைச் சுவரில் செருகுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நமக்குப் பழக்கம்தானே? வானம் கறுத்ததும், இடி கேட்பதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யூடியூப் கிட்ஸ் போட்டுக் கொடுக்கலாம். பணம் கட்டி வாங்கும் இடத்துக்கு இரகசிய எண் வையுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் சொல்லிக் கொடுத்த அப்பாமார் இங்கேயே இருக்கிறார்கள்.

பெட்டி வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிறு பத்து மணிக்கு இதே பிள்ளைமடுவத்துக்குக் கொண்டு வாருங்கள். தரத்தைக் குறைப்பதையும் பென்டிரைவ் போடுவதையும் உங்கள் கையாலேயே செய்து பார்ப்போம். ரிமோட்டையும் சார்ஜரையும் மறந்துவிடாதீர்கள்.