மேடையில் பிள்ளை, வயலில் அம்மா

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



மாதாமாதம் சேமிப்பு, கடன், வட்டி பற்றித்தான் பேசுகிறோம். இன்றைக்கு நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆடுவது, பாடுவது, நாடகம் போடுவது பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பாட்டு, நடனம், நாடகம் என்று பல போட்டிகள். பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம் என்று போகலாம். இது போக பள்ளி ஆண்டு விழாவும் உண்டு. காசு கட்டிப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப முடியாத நம்மைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நம் வயல் வேலையும் பள்ளி விழாவும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒத்திகை நடக்கிற புரட்டாசி, ஐப்பசியில்தான் நமக்குக் குறுவை அறுப்பும் சம்பா நடவும். ஆண்டு விழா வருகிற தை, மாசியில் சம்பா அறுவடை. விடிகாலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டு நடவுக்குப் போகிறோம். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வந்து, "அம்மா, நாளைக்குப் பச்சைப் பாவாடை வேணும், சலங்கை வேணும், வேனுக்குப் பணம் வேணும்" என்று நிற்கும். ஒத்திகை முடிந்து இருட்டினால் யார் போய்க் கூட்டி வருவது? கடைசியில், "நீ ஆடவே வேணாம், பேசாம படி" என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படி முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளைதான். "வயசுக்கு வந்த புள்ளைக்கு மேடை எதுக்கு?" என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். அதோடு அந்தப் பிள்ளையின் வாய் மூடிப்போகும்.

பழைய காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். சிறுவயதில் நம்ம கும்பகோணத்தில்தான் ஆனையடிப் பள்ளியில் படித்தார். தகப்பனார் இல்லாத வீடு. வறுமை. படிப்பு பாதியிலேயே நின்றது. அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அன்றைக்குப் பிள்ளை மேடை ஏற வேண்டுமானால் பள்ளியையும் விட வேண்டும், தாயையும் பிரிந்து போக வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்களே கட்டினார்கள். இன்றைக்கு மேடை நம் ஊர்ப் பள்ளிக்கே வந்துவிட்டது. பெண் பிள்ளையும் ஏறலாம். நம் நேரம்தான் குறுக்கே நிற்கிறது.

ஒரு அம்மாவால் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. குழுவாக முடியும் என்று எங்கள் குழுவில் தீர்மானம் போட்டோம்.

முதலில், விழாத் தேதி, ஒத்திகை நேரம் எல்லாவற்றையும் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வாங்கித் தீர்மான நோட்டில் எழுதி வைத்தோம். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒத்திகை முடிந்து பிள்ளைகளைக் கூட்டி வர நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தோம். அந்த முறையில் அப்பாமார் பெயரையும் எழுதினோம். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு வந்தார்கள்.

மூன்றாவது, உடுப்பு வாடகைக்குக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். தையல் தெரிந்த உறுப்பினர் பழைய சேலைகளில் பாவாடை, தாவணி தைத்துக் கொடுத்தார். அதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு பிள்ளைக்கு ஆகும்.

நான்காவது, விழா அன்று எல்லாரும் கூலியை விட வேண்டியதில்லை. இரண்டு பேர் போகிறோம். எந்தப் பிள்ளை மேடை ஏறினாலும் அவர்கள் முன்வரிசையில் இருந்து கை தட்டுவார்கள். மேடை ஏறிய பிள்ளை கூட்டத்தில் முதலில் தேடுவது தெரிந்த முகத்தைத்தான். பெத்த அம்மா இல்லாவிட்டாலும் "நம்ம குழு அத்தை வந்திருக்கு" என்ற தைரியம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்மியும் நடவுப் பாட்டும் நமக்குத்தானே தெரியும்! டீச்சரிடம் சொல்லிவிட்டு ஒரு லீவு நாளில் நாங்களே போய்க் கும்மி அடித்துக் காட்டினோம். கைநாட்டு வைக்கிற எங்கள் மூத்த உறுப்பினர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறவராக நின்றார். தன் பாட்டி மேடையில் நிற்பதைப் பார்த்து அவர் பேத்திக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாப் பிள்ளையும் பரிசு வாங்கப் போவதில்லை. எங்கள் பிள்ளைகளும் வட்டாரத்தோடு திரும்பி வந்தார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பேசக் கூசிய பெண் பிள்ளை இன்றைக்கு ரேஷன் கடையில் நின்று கணக்குக் கேட்கிறது. குழுவில் சேர்ந்த புதிதில் நமக்கும் பெயரைச் சொல்லவே நா எழவில்லை, இல்லையா? நாம் முப்பது வயதுக்கு மேல் கற்றதை நம் பிள்ளை பத்து வயதில் கற்கிறது.

ஆகவே, வருகிற குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம குழுப் பிள்ளைகளில் யார் யார் ஆடுது, பாடுது?" அந்தப் பெயர்களையும், யார் கூடப் போவது என்பதையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நடவு தொடங்குவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.